ரோஸ்டரில் எட்டு, கடிகாரத்தில் பத்து

வேலை நேரம், ஷிஃப்ட், ரோஸ்டர் பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் இங்கே பொது அளவுகோலாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) உடன்படிக்கைகளையும் பரிந்துரைகளையும் வைத்துக்கொண்டோம். ஐ.எல்.ஓ. உடன்படிக்கை உங்கள் முதலாளியை நேரடியாகக் கட்டாது. உங்கள் நாடு அதை ஏற்றுச் சட்டமாக்கியிருந்தால்தான் அதைக் காட்டி வழக்காட முடியும். பரிந்துரைக்கு அந்தப் பலமும் கிடையாது. பேச்சுவார்த்தை மேசையில் மட்டுமே அது உதவும்.

காலை 7 மணி டியூட்டிக்கு 6.40க்கே வந்து முந்தைய ஷிஃப்ட்டிடம் நோயாளிகளின் விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும். 3 மணிக்கு முடிந்தாலும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப 3.15 ஆகிவிடுகிறது. கேட்டால், "ரோஸ்டரில் எட்டு மணி நேரம்தானே?" என்கிறார்கள். இது வேலை நேரத்தில் சேருமா? (ஒரு செவிலியர்)

சேரும். ரோஸ்டரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து வேலை நேரத்தை முடிவு செய்வதில்லை. வணிக நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்குமான 1930ஆம் ஆண்டின் 30ஆம் உடன்படிக்கை, ஊழியர் முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டு இருக்கும் நேரம் முழுவதையும் வேலை நேரம் என்கிறது. மருத்துவமனை அந்த உடன்படிக்கையின் வரம்பில் வராது. ஆனாலும் பல நாட்டுச் சட்டங்களும் தீர்ப்புகளும் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கேட்கின்றன: அந்த இருபது நிமிடத்தில் நீங்கள் உங்கள் விருப்பப்படி இருக்க முடியுமா? முடியாது என்றால் அது வேலை.

கணக்கைப் போடுங்கள். முன்னால் 20 நிமிடம், பின்னால் 15 நிமிடம், ஆக ஒரு நாளுக்கு 35. வாரத்தில் ஆறு நாள் என்றால் மூன்றரை மணி நேரம். 48 மணி நேர வாரம் என்பது உண்மையில் 51 மணி 30 நிமிடம். நான்கு வாரத்தில் 14 மணி நேரம், அதாவது ஏறக்குறைய இரண்டு முழு ஷிஃப்ட்டைச் சம்பளமில்லாமல் பார்க்கிறீர்கள்.

மேற்பார்வையாளரின் பிடிவாதம் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. மூன்று எட்டு இருபத்து நாலு. நாள் முழுவதையும் மூன்று எட்டு மணி நேர ஷிஃப்ட்டாக வெட்டினால் ஒப்படைப்புக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. ஆகவே அது எப்போதும் யாரோ ஒருவரின் சொந்த நேரத்தில்தான் நடக்கும். ஷிஃப்ட்டை 8 மணி 30 நிமிடமாக்கி, இரண்டு குழுவும் அரை மணி நேரம் சேர்ந்திருக்கும்படி ரோஸ்டர் போட்டு, அந்த அரை மணி நேரத்தையும் சம்பளக் கணக்கில் சேர்ப்பதுதான் சரியான தீர்வு. நிர்வாகத்திடம் பேசும்போது "கூடுதல் சம்பளம் கொடுங்கள்" என்று தொடங்காமல், "ரோஸ்டரில் ஒப்படைப்பு நேரமே இல்லை" என்று தொடங்குங்கள். மறுப்பது கடினம்.

இன்னும் இரண்டு இடங்களில் நேரம் கசியும். ஒன்று, உணவு இடைவேளை. வார்டை விட்டு நகரக் கூடாது, மணி அடித்தால் ஓட வேண்டும் என்றால் அதை இடைவேளை என்று கழிக்க முடியாது. இரண்டு, வருகைப் பதிவு இயந்திரம். 6.40க்கு விரல் வைத்தால் 7.00 என்று ஏற்றிக்கொள்ளும், 7.05க்கு வைத்தால் 7.15 என்று ஏற்றிக்கொள்ளும். இரண்டுமே உங்களுக்கு எதிரான முழுமையாக்கம். முழுமையாக்காத மூலப் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

மதியம் 2 முதல் இரவு 10 வரை வேலை பார்த்துவிட்டு, மறுநாள் காலை 6 மணிக்கு மறுபடி வரச் சொல்கிறார்கள். "நேற்று ஒரு ஷிஃப்ட், இன்று ஒரு ஷிஃப்ட், ஒரே நாளில் இரண்டு இல்லையே" என்கிறார்கள். சரியா?

நாட்காட்டியை வைத்து எண்ணினால் அவர்கள் சொல்வது சரி. கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள்: முதல் நாள் மதியம் 2 மணியிலிருந்து மறுநாள் மதியம் 2 மணி வரையுள்ள 24 மணி நேரத்தில் 16 மணி நேரம் வேலை. இந்தத் தந்திரம் பிடிபடாமல் போவதற்குக் காரணமே ரோஸ்டர் தாளில் நடுவே ஓடும் நள்ளிரவுக் கோடுதான்.

நடுவே கிடைப்பது எட்டு மணி நேரம். அது எட்டு மணி நேரத் தூக்கம் ஆகாது. 10 மணிக்குக் கிளம்பி, பயணம் முக்கால் மணி நேரம், குளியல், சாப்பாடு எல்லாம் முடிந்து கண் அயர 12 ஆகும். காலை 6க்கு வேலையில் இருக்க 4.45க்கு எழ வேண்டும். தூக்கம் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலை நேர ஆணை, ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. இரவு வேலை பற்றிய ஐ.எல்.ஓ.வின் 178ஆம் பரிந்துரையும், இரவு வேலை கலந்த ஷிஃப்ட் முறையில் இரண்டு ஷிஃப்ட்டுகளுக்கு நடுவே கூடியவரை 11 மணி நேரம் விடச் சொல்கிறது. செவிலியர்களுக்கான 157ஆம் பரிந்துரையில் இது 12 மணி நேரம். உங்கள் நாட்டுச் சட்டத்தில் இப்படியொரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், மாலை ஷிஃப்ட்டுக்கு அடுத்த நாள் காலை ஷிஃப்ட் வரக் கூடாது என்ற ஒற்றை விதியை மட்டுமாவது ரோஸ்டரில் கேளுங்கள். இதற்குக் கூடுதல் ஆள் தேவைப்படாது; வரிசையை மாற்றினால் போதும்.

ஒரு வாரம் 60 மணி நேரம் வேலை வாங்கினார்கள். கேட்டதற்கு "சராசரி 48க்குள்தான் இருக்கிறது" என்றார்கள். சராசரி என்றால் என்ன?

சராசரி எடுப்பது சட்டபூர்வமானதுதான். 1919ஆம் ஆண்டின் முதல் உடன்படிக்கையிலேயே நாளுக்கு 8, வாரத்துக்கு 48 என்று வரையறுத்துவிட்டு, ஷிஃப்ட் வேலைக்கு மட்டும் மூன்று வாரத்துக்கு மிகாத காலத்தில் சராசரி எடுக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். நிறுத்தவே முடியாத தொடர் இயக்க வேலைகளில் வாரச் சராசரி 56 வரை போகலாம். ஐரோப்பிய ஆணையில் சராசரி எடுக்கும் காலம் பொதுவாக நான்கு மாதம்.

எனவே முதலில் கேட்க வேண்டியது, எத்தனை வாரத்துச் சராசரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதுதான். பதில் எழுத்தில் வராவிட்டால் சராசரி என்ற பேச்சே வெறும் சமாளிப்பு.

அடுத்தது விடுப்பு. நான்கு வாரத்தில் 60, 60, 24, 48 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 192, நான்கால் வகுத்தால் 48. கச்சிதமாக வந்துவிட்டது! ஆனால் மூன்றாவது வாரத்தில் 24 வந்ததற்குக் காரணம் நீங்கள் மூன்று நாள் ஆண்டு விடுப்பில் இருந்தது. விடுப்பு நாளைப் பூஜ்யமாகக் கணக்கிட்டால், உங்கள் விடுப்பையே எடுத்து உங்கள் மிகை வேலையை மறைத்ததாகிவிடும். ஆறு நாள் வாரத்தில் அந்த மூன்று நாளை நீக்கினால் மிஞ்சுவது மூன்றரை வாரம். 192ஐ 3.5ஆல் வகுத்தால் 54.9 மணி நேரம் வருகிறது. ஆண்டு விடுப்பும் நோய் விடுப்பும் சராசரியைக் குறைக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையில் வெளிப்படையாகவே இருக்கிறது.

எட்டு மணி நேர ஷிஃப்ட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மாறப்போகிறார்கள். வாரத்தில் மூன்று, நான்கு நாள் வீட்டில் இருக்கலாம் என்பதால் பலர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கையெழுத்துப் போடலாமா?

தாளில் நன்றாகத்தான் இருக்கும். பரவலாக உள்ள முறை: இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, மூன்று நாள் வேலை, அடுத்த வாரம் இதற்கு நேர்மாறு. பதினான்கு நாளில் ஏழு ஷிஃப்ட், 84 மணி நேரம், வாரச் சராசரி 42. பயண நாட்களும் குறையும்.

பிரச்சினை பன்னிரண்டோடு நிற்காததுதான். ஒப்படைப்பு அரை மணி நேரம், போக வர ஒன்றரை மணி நேரம் சேர்த்தால் 14 மணி நேரம். மீதி பத்தில் சாப்பாடு, குடும்பம், தூக்கம். ஐந்து ஷிஃப்ட் வரும் வாரத்தில் ஏற்கெனவே 60 மணி நேரம்; ஓய்வு நாளில் ஆள் பற்றாக்குறை என்று ஒரு முறை கூப்பிட்டால் அந்த வாரம் 72 மணி நேரமாகிவிடும். பன்னிரண்டு மணி நேர முறையில் மிகை நேர வேலைக்கு இடமே இருக்கக் கூடாது.

கையெழுத்துக்கு முன்னால் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: அடுத்தடுத்து அதிகபட்சம் மூன்று இரவு; பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஷிஃப்ட்டை நீட்டக் கூடாது; இடைவேளை எந்தெந்த நேரத்தில், அப்போது உங்கள் இடத்தில் யார் நிற்பார் என்ற விவரம்; எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட நான்கு மணி நேரம் மிகை நேரமா இல்லையா என்ற தெளிவு; மூன்று மாதச் சோதனைக் காலம், பிடிக்காவிட்டால் பழைய முறைக்குத் திரும்பும் உரிமை. கடைசியாகச் சொன்னதைக் கேட்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெயிலில் நின்று செய்யும் வேலை, கனமான பொருள் தூக்கும் வேலை, இரசாயனப் புகை உள்ள இடம் என்றால் எங்கள் பதில் "வேண்டாம்" என்பதே. இரசாயனங்களுக்கு வகுத்துள்ள பாதுகாப்பு வரம்புகள் பெரும்பாலும் எட்டு மணி நேர வெளிப்பாட்டை வைத்துக் கணக்கிட்டவை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இரவு ஷிஃப்ட் முடிந்து ஞாயிறு காலை 6 மணிக்கு வீடு திரும்புகிறேன். திங்கள் காலை 6 மணிக்கு டியூட்டி. ஞாயிறுதான் வார விடுமுறை என்கிறார்கள்.

24 மணி நேரம் எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. ஏழு நாளில் ஒரு முறை தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு என்ற 1921ஆம் ஆண்டின் 14ஆம் உடன்படிக்கையோடும் ஒத்துப்போகும். ஆனால் அந்த ஞாயிற்றின் பாதி, இரவெல்லாம் விழித்ததற்கான தூக்கத்தில் போய்விடும். அது தினசரி ஓய்வு. விடுமுறை அதற்கு மேல் தனியாக வர வேண்டும். ஐரோப்பிய முறையில் வார ஓய்வு 24 மணி நேரத்தோடு தினசரி ஓய்வான 11 மணி நேரமும் சேர்ந்து, மொத்தம் 35. அந்தக் கணக்கில் நீங்கள் திங்கள் மாலை 5 மணிக்கு முன்னால் வேலைக்கு வர வேண்டியதில்லை. உங்கள் ஊர்ச் சட்டம் வெறும் 24தான் என்றாலும், அந்த 24ஐ ஷிஃப்ட் முடியும் நேரத்திலிருந்து எண்ண வேண்டும். சனி நள்ளிரவிலிருந்து எண்ணி ஞாயிறு இரவே கூப்பிட்டால் அது விடுமுறையே அல்ல.

காலை, மாலை, இரவு என்று சுழற்சி போடுவது நல்லதா. இரவு, மாலை, காலை என்று போடுவது நல்லதா?

முதலாவது. நம் உடல் கடிகாரத்தின் ஒரு சுற்று பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் தாமதமாகத் தூங்குவது எளிது. முன்கூட்டியே தூங்குவது கடினம். பின்னோக்கிய சுழற்சியில் இடைவெளிகளும் சுருங்கிவிடும்.

சுழற்சியில் ஆபத்தான இரவு முதல் இரவுதான். காலை 7 மணிக்கு எழுந்து, இரவு 10 மணிக்கு வேலைக்கு வந்தால், நள்ளிரவில் நீங்கள் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் கவனத்தின் அளவுக்குக் குறைகிறது என்று 1997இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. காலை 6 மணிக்கு அது 23 மணி நேரமாகியிருக்கும். அந்த நேரத்தில் பைக்கை எடுக்கிறீர்கள். முதல் இரவுக்கு முந்தைய மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிடுங்கள்.

வீட்டில்தான் இருக்கிறேன், ஆனால் கூப்பிட்டால் உடனே போக வேண்டும். இதற்குச் சம்பளம் உண்டா?

"உடனே" என்பது எத்தனை நிமிடம் என்பதைப் பொறுத்தது. பணியிடத்திலேயே தங்கியிருக்க வேண்டும் என்றால், அங்கே கட்டில் போட்டுத் தூங்கினாலும் அது முழு வேலை நேரம் என்று 2003இல் ஜெர்மன் மருத்துவர் ஒருவரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பெல்ஜியத்தைச் சேர்ந்த தீயணைப்பு வீரர் ஒருவர் வீட்டிலிருந்து எட்டு நிமிடத்தில் வந்து சேர வேண்டியிருந்தது; அந்தக் காத்திருப்பும் வேலை நேரமே என்று 2018இல் அதே நீதிமன்றம் தீர்த்தது. அந்த வேலை நேரத்துக்கு எவ்வளவு சம்பளம் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமும் ஒப்பந்தமும் முடிவு செய்யும். போனை மட்டும் எடுத்தால் போதும், ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் போதும் என்றால், உண்மையில் வேலை பார்த்த நேரம் மட்டுமே கணக்கில் வரும் வாய்ப்பு அதிகம். எத்தனை முறை அழைப்பு வந்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று குறித்து வையுங்கள். இரவு 2 மணிக்கு அரை மணி நேரம் பேசினால், காலை ஷிஃப்ட்டுக்கு முந்தைய ஓய்வு அங்கே அறுந்துவிட்டது என்ற வாதமும் உங்களுக்கு உண்டு.

மிகை நேரச் சம்பளத்தை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்?

மணிக்கூலியை வைத்து. ஏமாற்று நடப்பதும் அங்கேதான். மாதச் சம்பளம் 20,800, மாதத்துக்கு 26 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மணிக்கூலி 100. அதையே 30 நாளால் வகுத்தால் 86.67 ஆகிவிடும். வேலை பார்க்காத ஞாயிற்றுக்கிழமையையும் வகுத்தியில் சேர்த்ததால் வந்த இழப்பு இது. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு படிகளை விடுவது இரண்டாவது வழி. எந்தெந்தப் படி சேரும் என்பது அந்தந்தச் சட்டத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். முதல் உடன்படிக்கை குறைந்தபட்சம் ஒன்றேகால் மடங்கு என்கிறது. சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டத்தில் ஒன்றரை மடங்கு. இந்தியாவில் தொழிற்சாலைகளுக்கு நெடுங்காலமாகவே இரு மடங்கு.

பணத்துக்குப் பதில் மாற்று விடுப்பு தருகிறோம் என்றால், மணிக்கு மணி வாங்காதீர்கள். ஒன்றரை மடங்கு உள்ள இடத்தில் 8 மணி நேர ஓ.டி.க்கு 12 மணி நேர விடுப்பு.

என்னை "மேற்பார்வையாளர்" என்று பதவி உயர்த்தினார்கள். அன்றிலிருந்து ஓ.டி. நின்றுவிட்டது. ஆனால் அதே மெஷினில்தான் நிற்கிறேன்.

நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்குப் பல சட்டங்கள் நேர வரம்பைத் தளர்த்துவது உண்மை. ஆனால் பெயர்ப்பலகை போதாது. ஆளை எடுக்கவும் நீக்கவும் அதிகாரம் இருக்கிறதா, விடுப்புக்குக் கையெழுத்துப் போடுகிறீர்களா, நாளில் எத்தனை மணி நேரம் கையால் வேலை செய்கிறீர்கள் என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கும். இரண்டு வாரத்துக்கு மணிவாரியாக எழுதி வையுங்கள். அந்தத் தாள் பேசும்.

நாளைய ரோஸ்டரை இன்று இரவு 9 மணிக்கு வாட்ஸ்அப்பில் மாற்றுகிறார்கள்.

ஷிஃப்ட் தொடங்கும், முடியும் நேரத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், உரிய முன்னறிவிப்பு இல்லாமல் மாற்றக் கூடாது என்பது 1919லேயே எழுதப்பட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஆணை, வேலை நேரம் நிலையாக இல்லாத ஊழியர்களுக்கு நியாயமான முன்னறிவிப்பு தராவிட்டால் அந்த வேலையை மறுக்கலாம், அதற்காகப் பாதிப்பு வரக் கூடாது என்கிறது. அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் தனியாக மறுப்பது ஆபத்து. போய் வேலை பார்த்துவிட்டு, "ஒப்புக்கொண்டு வரவில்லை, இன்று 9 மணிக்குத்தான் தெரிந்தது" என்று அதே குழுவில் ஒரு வரி போடுங்கள். மாற்றத்துக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுத்து வையுங்கள். அழித்துவிட்டுப் புதுசு போடுவது வழக்கம்.

புகார் கொடுப்பதென்றால் என்ன ஆதாரம் வேண்டும்?

ஒரு சாதாரண நோட்டு. தேதி, வந்த நேரம், இடைவேளை, கிளம்பிய நேரம், ரோஸ்டரில் இருந்த நேரம் என ஐந்து கட்டம். அன்றன்றே எழுதுங்கள், மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில், எல்லா நாளும் 6.40 என்று எழுதிய நோட்டை எதிர்த் தரப்பு ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடும். 6.38, 6.44 என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கூடவே சம்பளச் சீட்டு, ரோஸ்டர் படங்கள், வர வேண்டிய நேரத்தைச் சொல்லும் செய்திகள். எல்லாம் உங்கள் சொந்தப் போனில் இருக்கட்டும். அலுவலக மின்னஞ்சலை ஒரு நொடியில் பூட்டிவிடுவார்கள். நோயாளி விவரம், வாடிக்கையாளர் விவரம் எதையும் படமெடுக்காதீர்கள். உங்கள் வழக்கு அதிலேயே சரிந்துவிடும்.

நான்கு வாரம் சேர்ந்ததும் கூட்டித் தொகையோடு ஒரு பக்கக் கடிதம். குற்றச்சாட்டு வேண்டாம்: "இணைத்துள்ள கணக்கின்படி 14 மணி நேரம் சம்பளத்தில் சேரவில்லை. சரிபார்த்து ஏழு நாளுக்குள் பதில் தரக் கேட்டுக்கொள்கிறேன்." ஒருவர் கையெழுத்தைவிட ஆறு பேர் கையெழுத்து பாதுகாப்பு. பதில் இல்லையென்றால் மனிதவளத் துறை, தொழிற்சங்கம், பிறகு அரசின் தொழிலாளர் ஆய்வாளர். காலக்கெடுவை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். பிரிட்டனில் சம்பளப் பிடித்தம் குறித்துத் தீர்ப்பாயம் போக நெடுங்காலமாக மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவான அவகாசமே இருந்துவந்தது. உள்ளுக்குள் கடிதம் எழுதிக்கொண்டே அதைத் தவறவிட்டவர்கள் உண்டு.

கப்பலில் வேலை. ஓய்வு நேரப் பதிவேட்டில் ஒரே மாதிரி எழுதி, கையெழுத்துக் கேட்கிறார்கள்.

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் 77. அந்தப் பத்தை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது. அதில் ஒரு துண்டாவது ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பதிவேட்டின் நகல் உங்களுக்கு உரியது. பொய்ப் பதிவில் கையெழுத்திட்டால், விபத்து நடந்தால் "நன்றாக ஓய்வெடுத்தவர்" என்று உங்களுக்கு எதிராகவே அது நிற்கும். துறைமுக அரசின் ஆய்வாளரிடம் நேரடியாகச் சொல்லவும் வழி இருக்கிறது.

எங்கள் நாட்டில் ஆண்டுக்கு ஒரு முறை இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அன்று இரவு 10 முதல் 6 வரை பார்த்தால் எட்டா, ஒன்பதா?

ஒன்பது. முன்னால் தள்ளும் இரவில் ஏழு. மணிக்கூலிக்காரர் என்றால் அன்றைய சம்பளச் சீட்டை மட்டும் தனியாகப் பாருங்கள். மென்பொருள் இரண்டையும் எட்டு என்றே போட்டிருக்கும்.